பதினோரு மாதம் வாசலில் நின்ற மனிதர்

சிரிப்புப் படம் வரைந்து பிழைக்கிறவனைத் தேடிச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. சந்தேகத்தோடு வருவார்கள், மனவருத்தத்தோடு வருவார்கள், ஒருவர் மருந்தோடுகூட வந்திருக்கிறார். இதே தொழிலில் இருக்கிற புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள், நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு வேடிக்கை சொல்லி, ஒருவரும் சிரிக்காமல், அதையே மறுபடி நிதானமாக விளக்கிச் சொல்ல நேர்ந்திருந்தால் நீங்களும் நம் கூட்டம்தான். வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.

நான் தமிழ் படித்தது திருக்கோகர்ணத்துப் பள்ளிக்கூடத்தில். பத்து வயதில் அப்பாவோடு கப்பலேறினேன். இங்கிலீஷ் படித்தது ரங்கூனில். அங்கே துரைமார்களும், துரைமார்களைப் போல இருக்க ஆசைப்பட்டவர்களும் படிக்கிற ஓர் இங்கிலீஷ் மாதப் பத்திரிகை இருந்தது. ஆண்களுக்கென்றே நடந்த பத்திரிகை. அதற்கு மாதம் ஆறு சிரிப்புப் படம் வரைவது என் வேலை. இருபது வருஷம் வரைந்தேன். அந்தப் பத்திரிகையின் உலகத்தில் மனிதர்களே ஆறு பேர்தான்: மேனேஜர், அவருடைய பெண் டைப்பிஸ்ட், குடிகாரர், கப்பல் உடைந்து தீவில் மாட்டிக்கொண்டவர், மனைவிக்குப் பயந்த கணவர், அந்த மனைவி. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பத்திரிகை போயிற்று, நான் குடியிருந்த தெருவும் போயிற்று. நானும் என் மனைவி சௌந்தரமும் ஒரு டிரங்குப் பெட்டியோடு புதுக்கோட்டை வந்து சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. கைவசம் இருந்த தொழில் அந்த ஆறு பேர்.

திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவர் ரங்கூனில் அந்தப் பத்திரிகையை விரும்பிப் படித்தவர். அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். வெள்ளைக்காரன் நேரே ஆளுகிற சீமையில் புதுப் பத்திரிகை என்றால் காகிதத்துக்குக் கெடுபிடி, ராஜா ஆளுகிற புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவ்வளவில்லை. கீழராஜவீதியில் காலால் மிதிக்கிற அச்சு யந்திரம் ஒன்றைப் போட்டு "மீசை" என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அட்டையில் "ஆண்களுக்கு மட்டும்" என்று அச்சடித்தார். அதனால் போகிற வீடுகளிலெல்லாம் அது முதலில் அடுப்படிக்குப் போய்விட்டுத்தான் கூடத்துக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நம் ஊருக்கு ஏற்றபடி என்ன வரையலாம் என்று நான் யோசனை கேட்டேன். செட்டியார் யோசிக்கவேயில்லை.

"அந்த ஆறு பேரையும் அப்படியே கூட்டிக்கிட்டு வாங்க, ஓவியரே. வேட்டி மட்டும் கட்டி விட்டுருங்க."

ஒற்றைத் தென்னை

முதல் இதழுக்குத் தீவுப் படம். ரங்கூனில் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற படம் அது. ஒரு முறம் அகலத்துக்கு மண், நடுவில் ஒற்றைத் தென்னை, சுற்றிலும் கடல், மரத்தடியில் தாடி வளர்த்த இரண்டு பேர். ஒருவர் மற்றவரிடம், "விருந்தாளி யாராவது வந்தால் நீங்கள் கொஞ்சம் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்" என்கிறார். இதற்குச் சிரிக்காத துரையை நான் பார்த்ததில்லை.

திருவரங்குளத்துப் பக்கமிருந்து ஒரு சம்சாரி, பத்திரிகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தார். அந்த வருஷம் மழையில்லாமல் அவர் ஊர்க் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. படத்தைப் பிரித்து வைத்து, மண்ணைத் தொடாமல் கடலை மட்டும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இது பூராத் தண்ணிதானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். கப்பல் உடைந்ததையும், விருந்தாளியையும், எழுந்து நிற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். உப்புத் தண்ணீர் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தாடிக்காரர்கள் இருவரையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

"உப்புத் தண்ணிக்குத்தான் தென்னை நல்லா வரும். சுத்தி இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒத்த மரம் வச்சிருக்கானுகளே, வெக்கமாயில்ல?"

காலியிடம்

இரண்டாவது, மேனேஜரும் டைப்பிஸ்டும். புதுக்கோட்டையில் அப்போது எந்த ஆபீசிலும் பெண் டைப்பிஸ்ட் கிடையாது. இல்லாத ஒருத்தியைப் பற்றி எப்படிச் சிரிப்பார்கள் என்று செட்டியாரிடம் கேட்டேன். இருந்தால்தான் வம்பு, இல்லாததற்கு யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. வரைந்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக மேனேஜர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, டைப்பிஸ்டை நோக்கிக் கையை நீட்டித் தம் காதலைச் சொல்கிறார். அவள் டைப் அடிப்பதை நிறுத்தாமல், "இதையும் மூன்று பிரதி எடுக்கட்டுமா, சார்?" என்கிறாள்.

அந்த வாரமே ஒரு பெரியவர் வந்தார். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. நெற்றியில் விபூதி, கையில் மடித்த காகிதம். பத்திரிகையின் கண்ணியத்தைப் பற்றிக் கண்டிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவரோ குரலைத் தாழ்த்தி, "இந்த ஆபீசு எங்கிட்டு இருக்கு? திருச்சியா, மதுரையா?" என்று கேட்டார். மகள் டைப்ரைட்டிங் பரீட்சை தேறியிருக்கிறாளாம். தாயில்லாத பெண். வேலைக்கு அனுப்பலாம் என்று இவருக்கு எண்ணம். ஆனால் அதிகாரிகள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்களோ என்று பயம். கையில் இருந்தது விண்ணப்பம். அந்த மேனேஜர் அப்படியொன்றும் நல்லவரில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வரைந்தவனே தன் மனிதனைக் குறை சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கீழ விழுந்த பேனாவைத் தானே மண்டி போட்டு எடுக்கிறாருங்க. பியூனைக்கூடக் கூப்பிடலை. இப்படிப்பட்டவர்கிட்ட என் மகளைத் தாராளமா நம்பி அனுப்பலாம்."

ஒரே பிளாக்

படம் வரைந்தால் போதாது. அதைத் திருச்சிக்கு அனுப்பித் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்து, மரக்கட்டையில் அறைந்து கொண்டுவர வேண்டும். அதுதான் அச்சில் ஏறும். யுத்தம் முற்ற முற்ற, துத்தநாகம் சுத்தமாகக் கிடைக்கவில்லை. நான்காவது மாதத்தில் எங்களிடம் உருப்படியாக இருந்த பிளாக் ஒன்றே ஒன்று: மனைவிக்குப் பயந்த கணவர்.

படம் இதுதான். வீட்டு வாசல். கொஞ்சம் கூனலாக ஒரு மனிதர். ஒரு கையில் மடக்கிய குடை, மறு கையில் வாழை இலையில் கட்டிய பூப்பொட்டலம். நிலைப்படிக்கு உள்ளே, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் கரண்டியோடு அவர் மனைவி. செட்டியார் பிளாக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் பேசவா போகுது? கீழ இருக்கிற எழுத்துத்தானே பேசுது. எழுத்தை மாத்திக்கிட்டே இருப்போம்" என்றார்.

அப்படியே நடந்தது. ஒரு மாதம் கணவர், "மழை வருகிறதே, உள்ளே வரட்டுமா?" என்பார், மனைவி, "உள்ளேயும் மழைதான்" என்பாள். அடுத்த மாதம் அவர், "யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?" என்பார், அவள், "உங்களிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்" என்பாள். அதற்கடுத்த மாதம், "இன்றைக்கு என்ன சமையல்?" "ரேஷன் கார்டைப் பொரித்திருக்கிறேன்." மாதாமாதம் புது வேடிக்கை எழுதினேன். ஆனால் வாசகர்கள் அதைப் புது வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. தெரியவைத்தவர் எனக்கு முகச்சவரம் செய்கிறவர். ஒருநாள் என் தாடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தம் சொந்தக்காரரைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"என்னங்க, அந்த மனுசனை இன்னுமா உள்ள விடலை?"

மூக்கு

சிரிப்புப் படத்தில் மூக்கை உருண்டையாகப் போடுவது தொழில் வழக்கம். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியாது. கணவருக்கும் அப்படித்தான், நெல்லிக்காய் அளவில் ஒரு மூக்கு.

ஒரு நாட்டு வைத்தியர் சாக்குப் பையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். நாடி பார்க்கிறவருக்குரிய நிதானம். "நாலு மாசமாப் பாத்துக்கிட்டு வர்றேன்" என்றார் கடைசியில். நன்றி என்றேன். அவர் பாராட்ட வரவில்லை. பையிலிருந்து ஒரு கட்டு இலையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வரைந்துகொண்டிருந்த காகிதமெல்லாம் ஈரமாகிவிட்டது.

"கரண்டியால அடிச்ச வீக்கம் இத்தனை நாளைக்கு நிக்கப்படாது. இந்த எலையை அரைச்சு மூணு வேளை பத்துப் போடச் சொல்லுங்க."

திரும்பிப் போன வெற்றிலை

இதுவரை சொன்னதெல்லாம் என் சங்கடம். இனிமேல் சொல்வது சுப்பையாவின் சங்கடம். சுப்பையா எங்கள் அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்குகிற வேலை. வயது முப்பத்து நான்கு. தாய் தகப்பன் இல்லை. தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்துக் கரையேற்றிவிட்டுத்தான் தனக்கு என்று பார்ப்பேன் என்று இருந்தவர். இரண்டாவது தங்கை கந்தர்வக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். அவள்தான் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். பெண் பெயர் பொன்னம்மா. திருவரங்குளத்துக் கோயிலில் வைத்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தாயிற்று. "எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவாங்கண்ணே. அது குனியலை. நேராப் பாத்துச்சு" என்று அன்றைக்கு மட்டும் சுப்பையா என்னிடம் நாலைந்து தடவை சொன்னார். அவர் பொதுவாக ஒன்றை ஒரு தடவைகூடச் சொல்லாதவர்.

பெண்ணின் தகப்பனார் காத்தமுத்து, முந்திரிக் கொல்லைக்காரர், நாள் குறிப்பதற்குமுன் மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். கையில் மஞ்சள் பை, பையில் வெற்றிலை பாக்கு. வந்தவர் சுப்பையாவைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய அவர் குடையைப் பார்த்தார். மறுபடி சுப்பையாவைப் பார்த்தார். அப்புறம் பைக்குள் கையை விட்டு "மீசை" இதழ் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, படம் மட்டும்தான் பார்ப்பார் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து ஓடினேன். ஐயா, இது நான் வரைந்தது, கற்பனை என்றேன். "நீங்க வரைஞ்சதுதான், யாரு இல்லேன்னா? குடை இந்தா இருக்கு. ஆளு இந்தா நிக்கிறாரு. அந்தம்மா மட்டும் எப்படிங்க இல்லாமப் போவாங்க?" என்றார். சுப்பையா கையில் எழுத்துச் சட்டத்தோடு அப்படியே நின்றார். காத்தமுத்து வெற்றிலையை வெளியே எடுக்கவேயில்லை. பையின் வாயை முறுக்கிக்கொண்டு, சண்டை போடாமல், துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவரைப் போல வாசலை நோக்கி நடந்தார்.

"மூத்தாள் இருக்கிற வீட்டுல எம்பொண்ணை எப்படிங்க குடுக்கிறது?"

அளந்து பார்த்தவர்

சத்தியமாக நான் சுப்பையாவை வரையவில்லை. அதாவது, வரைய வேண்டும் என்று நினைத்து வரையவில்லை. என் மேஜைக்கு எதிரே எழுத்துப் பெட்டி. அதன்மேல் கவிந்தபடி நாள் பூராவும் அவர். யோசிக்கும்போது நிமிர்ந்தால் கண்ணில் படுவது அவர்தான். அந்தக் கூனல், காதுக்குப் பின்னால் துருத்திய முடி, ஏன், அந்தப் பூப்பொட்டலம்கூட. கடைசித் தங்கை கல்யாணமாகிப் போகும்வரை சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் பூ இல்லாமல் போனதில்லை. உருண்டை மூக்கை மட்டும் எடுத்துவிட்டால் அச்சு அசல் சுப்பையா. கண் பார்த்ததைக் கை எப்போது வாங்கிக்கொண்டது என்பது கைக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வேடிக்கையை அந்தப் பிளாக்கின் கீழே கோத்தவரே அவர்தானே. மாதாமாதம் தன் முகத்தைத் தன் கையாலேயே சட்டத்தில் முடுக்கியவர். எப்படி அவருக்குத் தெரியாமல் போயிற்று? கேட்டேன். சுப்பையா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பெட்டிக்குள் எழுத்துகளைப் பிரித்துப் போட்டபடியே இருந்தார். என்மேல் கோபம் இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அகலம் இத்தனை, நீளம் இத்தனைன்னு அளந்துதாண்ணே பாத்தேன். மூஞ்சியைப் பாக்கலை."

கரண்டி

நேரில் போய் விளக்குவது என்று முடிவு செய்தேன். விளக்கம் சொல்வதில் எனக்கு இருபது வருஷ அனுபவம் உண்டு, பலித்ததுதான் இல்லை. நல்ல காரியம், தனியாகப் போகக் கூடாது என்று சௌந்தரத்தையும் அழைத்துக்கொண்டேன். படத்தைப் பற்றி அவளிடம் விவரமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு படத்தால் சுப்பையா கல்யாணம் நிற்கிறது என்றுதான் சொன்னேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு மட்டும் என்று போட்டதை நம்பி, "மீசை"யைத் தொடாமல் இருந்த பெண் சமஸ்தானத்திலேயே சௌந்தரம் ஒருத்திதான்.

பெட்ரோல் கிடைக்காததால் கரி வாயுவில் ஓடுகிற பஸ். வழியில் இரண்டு தடவை நாங்கள் இறங்கித் தள்ளினோம். கந்தர்வக்கோட்டையில் இறங்கி முந்திரிக் கொல்லை வழியாக நடந்து வீட்டை அடைந்தோம். பொன்னம்மாவின் தாயார் முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த சௌந்தரத்தைத்தான் பார்த்தார். களைப்பினால் சௌந்தரம் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றிருந்தாள். அந்த அம்மாள் கையில் இருந்த கொட்டைகளை அப்படியே போட்டுவிட்டு, "ஆத்தீ! அந்தம்மாவே வந்துட்டாங்க!" என்று உள்ளே ஓடினார்.

காத்தமுத்து வந்தார். பரணிலிருந்து "மீசை" இதழ்கள் ஒரு கட்டு இறங்கிற்று. ஒன்றைப் பிரித்துச் சௌந்தரத்தின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. அச்சாபீசில் நிமிர்ந்தால் சுப்பையா, வீட்டில் நிமிர்ந்தால் சௌந்தரம். கண்ணில் பட்ட இரண்டையும் கை ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. "இவங்க உங்க சம்சாரம்ங்கிறீங்க. படத்துல மாப்பிள்ளைக்குச் சம்சாரம். இதுல எதுங்க நெசம்?" என்றார் காத்தமுத்து.

சௌந்தரம் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கரண்டி என்னுது. காம்பு வளைஞ்சிருக்கு பாருங்க. நிக்கிற நிலையும் என்னுதுதான். வாசல்ல நிக்க வேண்டியவருதான் மாறிப் போயிருக்காரு."

பூப்பொட்டலம்

அந்த வீட்டில் அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. காத்தமுத்துவின் முகத்தில் சந்தேகம் போய்ப் பயம் வந்துவிட்டது. பட்டணத்துக்காரர்கள் குடும்பம் நடத்துகிற முறையே வேறு போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்போது எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது பொன்னம்மாவின் அக்கா. செம்பை இடது கையால் நீட்டினாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். செம்பைத் திரும்ப வாங்கும்போது முந்தானை விலகிற்று. மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. புருஷன் வீட்டை விட்டு வந்து இரண்டு வருஷமாம். காத்தமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணை விசாரிக்காமல் கொடுத்துவிட்டவர் இரண்டாவது பெண்ணுக்கு எதைத்தான் நம்புவார்? வெற்றிலைப் பையை ஏன் அப்படி முறுக்கினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் எழுந்தேன். தப்பு என்னுடையது, சுப்பையா தங்கமானவர், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "செத்த இருங்க" என்று ஒரு குரல் கேட்டது. பொன்னம்மா வெளியே வந்தாள். தகப்பனார் கையிலிருந்த கட்டை வாங்கி, இதழ்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பதினோரு வாசல், பதினோரு குடை, பதினோரு கரண்டி. "எனக்குப் படிக்கத் தெரியும்ங்க. ஒரே படத்துக்குக் கீழ எழுத்தைத்தான் மாத்துறீங்கன்னு மூணாவது மாசமே தெரியும். அப்பாருகிட்டச் சொன்னேன், அவரு நம்பலை" என்றாள்.

"அப்படின்னா உனக்கு அந்தம்மா பொய்ன்னு தெரியுமா?" என்றார் காத்தமுத்து.

"தெரியும்ப்பா. நான் அந்தம்மாவைப் பாக்கலை. இவரைத்தான் பாத்தேன்." படத்தில் கணவரின் கைகளைத் தொட்டுக் காட்டினாள். இவருக்கு எதிரே உட்கார்ந்து நாள் பூராவும் வேலை செய்வீங்களா என்று என்னைக் கேட்டாள். ஆமாம், ஒரு வருஷத்துக்கு மேலாக என்றேன். அவள் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அடுத்த வார்த்தையை அவளுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"சிரிப்புக்குத்தான் வரைஞ்சீங்க. சிரிப்புக்குக்கூட இவரு கையில ஒரு தடியைக் குடுக்க உங்களுக்குத் தோணலையே. ஒரு கையில குடை, ஒரு கையில பூவு. கையை ஓங்கணும்னா ரெண்டுல ஒண்ணைக் கீழ போடணும். பதினோரு மாசமா ரெண்டையும் போடலை. எனக்கு இவரு போதும்ப்பா."

பன்னிரண்டாம் மாதம்

காத்தமுத்து உள்ளே போய் அந்த மஞ்சள் பையை எடுத்து வந்து, பழைய வெற்றிலையைக் கொட்டிவிட்டுப் புதுசு வைத்தார். தை மாதம் கல்யாணம். சுப்பையா தம் கல்யாணப் பத்திரிகையைத் தாமே கோத்தார். தப்பே விடாத மனிதர், மணமகன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். திருத்தி மறுபடி அடித்தோம்.

வாழ்த்துச் சொல்லி அடுத்த இதழில் ஒரு படம் போட வேண்டும் என்று செட்டியார் ஆசைப்பட்டார். திருச்சியில் துத்தநாகம் வந்துவிட்டது, புதிதாக ஜோடியை வரைகிறேன் என்றேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய பிளாக்கையே எடுத்து ஊதித் துடைத்தார். அதில் நிற்பது என் மனைவி, இனிமேல் இதை அச்சேற்றினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாது என்று கெஞ்சினேன். செட்டியார் பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்து, நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாசல் இருக்கு, மாப்பிள்ளை இருக்காரு, பூ இருக்கு, சமைக்கக் கரண்டி இருக்கு. கல்யாணத்துக்கு இதுல என்ன குறைச்சல்ங்கிறீங்க?"

இத்தனை வருஷம் பிறரைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டதில் எதற்கு யார் சிரிப்பார்கள் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருத்தி சிரிக்காமல் பார்த்துவிட்டாள், அதனால் சுப்பையா வாசலைத் தாண்டி உள்ளே போனார், கரண்டிக்கு எதிரே அவர் நின்ற வாசலில் இப்போது நான் நிற்கிறேன்.